பைத்தார் வராத கப்பல்கள்

குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டும் பழமொழியும்தான். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த நாட்களில் பட்டினப்பாலையில் கடல்வழி வந்திறங்கும் குதிரைகளையும், திருவிளையாடற் புராணத்தில் நரி பரியான கதையையும் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்த மிருகம் ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணீர் குடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சில வருசத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒருவர், பெருநாளைக்குக் கல்முனைக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றலாம் என்று ஒரு மட்டக்குதிரை வாங்கி வந்தார். வயதில் மூத்தவர்; காக்கா என்றுதான் கூப்பிடுவேன். “சேர், நீங்க படிச்ச ஆள். இதுக்கு என்னத்தக் குடுக்கிற?” என்று கேட்டார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் என்ற பழமொழியை நம்பி, “கொள்ளுக் குடுங்க காக்கா” என்றேன். கொள்ளு விலை. கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றுக்குக் காசில்லை. மாடு தின்னுதுதானே, இதுவும் தின்னட்டும் என்று இரண்டு வாளிச் சோற்றை வைத்துவிட்டார். அன்றிரவு குதிரை படுத்துப் புரண்டது. விளையாடுது என்று சிறுவர்கள் சிரித்தார்கள். சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது செத்துக் கிடந்தது.

காலையில் வந்த மிருக வைத்தியர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “இது மாடில்ல.”

அந்த ஒரு வார்த்தையை விளங்கிக்கொள்ளத்தான் பிறகு நான் படிக்கத் தொடங்கினேன். மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை. தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் உடம்புக்குச் சின்னது. பெரிய குதிரைக்கே எட்டு முதல் பதினைந்து லீற்றர்தான் கொள்ளும். அதன் வாயிலில் உள்ள தசை மிக இறுக்கமானது, ஆகவே குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னாலேதான் போக வேண்டும். புல்லின் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பின்னால், பெருங்குடல் பக்கத்தில் இருக்கின்றன. சோற்றை ஒரேயடியாகக் கொட்டினால் சிறுகுடல் சமாளிக்காமல் மாவுச்சத்து அங்கே போய்ச் சேர்கிறது, சட்டென்று புளிக்கிறது, வாயுவும் அமிலமும் பெருகிக் குடல் வீங்குகிறது. தப்பிப் பிழைத்தாலும் அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து குளம்பின் உட்சதையைக் கெடுத்துவிடும். வயிற்றில் தொடங்கிய கேடு காலில் போய் முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாத சங்கதி.

இதைப் படித்த பிறகுதான் மார்க்கோ போலோ எழுதியது வேறு விதமாகக் கண்ணில் பட்டது. 1290களில் பாண்டிய நாட்டை, அரபிகள் மஅபர் என்ற கரையை, அவர் பார்த்தார். அங்கே ஆண்ட ஐந்து சகோதரர்கள் ஒவ்வொருவரும் வருசத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குவார்கள். வருச முடிவில் நூறுகூட மிஞ்சாது. இறைச்சியோடு வேக வைத்த சோற்றைக் குதிரைக்குப் போடுகிறார்கள் என்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்வது அவர் பழக்கம். ஆனால் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரசீகத்தில் எழுதிய வஸ்ஸாஃபும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார். வறுத்த பார்லி, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசுப்பால். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலே ஏறி விரட்டுவது. நல்ல குதிரை சீக்கிரமே சோர்ந்து உதவாமல் போனதாம். கட்டிப் போட்டு வயிற்றை நிரப்பினால் வேறென்ன நடக்கும்?

கீஷ் தீவின் ஜமாலுத்தீன் தன் சொந்தக் குதிரைகளில் மட்டும் ஆண்டுக்கு 1,400 அனுப்பினார், ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை, வழியில் செத்ததற்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் என்றெல்லாம் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவர் தம்பி தகியுத்தீன் காயல் முதலான துறைகளில் பொறுப்பில் இருந்தார். இதையெல்லாம் நாம் பெருமையாக எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். ஆனால் மார்க்கோ போலோவின் இன்னொரு குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம்: இந்தக் கரையில் லாடக்காரர் இல்லை, வணிகர்கள் தாமும் கூட்டி வருவதில்லை, வருபவரையும் தடுக்கிறார்கள், குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம்.

அது வணிகர் மேல் சொன்ன கோள் என்று தள்ளிவிடலாம். நானும் தள்ளப் பார்த்தேன். ஆனால் அரபு உலகில் அறிவுக்குக் குறைவில்லை. லாடம் அடிப்பவரும் குதிரை வைத்தியரும் ஒரே ஆள், பைத்தார் என்று பேர். அப்பாஸியர் காலத்திலேயே, 9ஆம் நூற்றாண்டில், இப்னு அகீ ஹிஸாம் குதிரைப் பராமரிப்பைப் பற்றி நூல் செய்திருக்கிறார். குர்ஆனில் ஓடும் குதிரைகளின் பேரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. குதிரை கப்பலேறி வந்தது. அந்த அறிவு மட்டும் ஏன் போதிய அளவு கூட வரவில்லை? பகலில் பரியாயிருந்தது இரவில் நரியாகிப் போன கதைக்கு உள்ளே, பொன் கொடுத்து வாங்கியது கைக்கு நில்லாத ஒரு நாட்டின் மனக்குறை இருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம். சைவப் பெரியோர் கோபிக்கக் கூடாது.

அடிப்படை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் புல்லும் வைக்கலும். உடம்பு நிறையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த தீனி, அதையும் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. 200 கிலோ மட்டக்குதிரைக்கு மூன்று, நான்கு கிலோ. தானியம் பிறகுதான், அதுவும் கையளவு. தீனியை மாற்றுவதென்றால் ஒரு கிழமைக்கு மேல் எடுத்து மெல்ல மாற்ற வேண்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு அந்தச் சின்னக் குதிரையே இருபது லீற்றர் குடிக்கும். லாயம் பத்தடிக்குப் பத்தடி, காற்றோட்டத்தோடு. நிலம் ஈரமாகக் கிடந்தால் குளம்பின் அடி கறுத்து நாறும். மூத்திர நெடி மூச்சுக் குழாயைக் கெடுக்கும். குளம்பைத் தினமும் தூக்கிக் கிளறிப் பார்க்க வேண்டும். ஆறு, எட்டுக் கிழமைக்கு ஒருமுறை சீவ வேண்டும். ஏற்பு ஊசி கட்டாயம். குதிரைக்கு அந்த நோய் லேசாகத் தொற்றும். சாணி போடாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, முன்காலால் நிலத்தைக் கீறிப் படுத்துப் புரண்டால் அது விளையாட்டல்ல. விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். குடல் இரைகிற சத்தம் கேட்கவில்லையென்றால் அந்த இரவே வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

ஆசிரியர் சுற்றுலா ஒன்றில் நெடுந்தீவுக்குப் போனேன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை அங்கே காட்டில் தாமாக மேய்கின்றன. யாரும் சோறு போடுவதில்லை. தலையைக் குனிந்தது குனிந்தபடி மணிக்கணக்காய்ப் புல்லைக் கறிக்கின்றன. கோடையில் தண்ணீர் வற்றினால் சாகின்றன.

காக்கா இப்போது மறுபடி ஒரு குதிரை வாங்கும் யோசனையில் இருக்கிறார். போன கிழமை வந்து, “சேர், கொள்ளுத்தானே?” என்றார்.

“முதல்ல ரெண்டு பெரிய வாளி வாங்குங்க காக்கா” என்றேன்.