தாதி மீண்டும் மாணவியாகும் ஆண்டுகள்

இல்லமும் ஊதியமும் – 11

கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் தாதியாகப் பணிபுரியும் மனைவி உயர்நிலைப் பயிற்சிக்குச் செல்ல விரும்பும்போது, குடும்பத்தார் முதலில் விசாரிப்பது கல்விக் கட்டணத்தைத்தான். ஆனால் படிப்பு முடியும் வரையிலான வரவையும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் கட்டணம் சிறிய தொகையாகவும், வராமற்போன சம்பளமும் நின்றுபோன சேமநிதிச் சந்தாவும் அதைவிடப் பல மடங்கு பெரிய தொகையாகவும் நிற்கும். எனவே விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி, மனைவி எந்த வகை விடுப்பில் படிக்கப் போகிறார் என்பதே ஆகும்; குடும்பத்தின் மற்ற எல்லாக் கணக்கும் அந்த ஒரு விடையிலிருந்தே புறப்படுகிறது.

ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் அமைந்துள்ள பெக்கான் நானாஸ், பெயருக்கேற்ப அன்னாசியால் வளர்ந்த ஊர். இங்குக் குடியிருக்கும் ஒரு தாதிக்கு வேலை பொந்தியான் மருத்துவமனையில் இருக்கலாம், அல்லது ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் ஆகிய அரசு மருத்துவமனைகளிலோ தனியார் மருத்துவமனை ஒன்றிலோ இருக்கலாம். கணவரின் வருமானம் உள்ளூர்த் தொழிற்சாலையிலிருந்தோ, அன்னாசித் தோட்டத்திலிருந்தோ, 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தைக் கடந்து துவாஸ் பகுதியில் செய்யும் சிங்கப்பூர் வேலையிலிருந்தோ வரக்கூடும். இந்த மூன்றும் மூன்று வகைப் பணம் என்பதால், மூன்று வீடுகளுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

மலேசியாவில் பதிவுபெற்ற தாதி ஒருவருக்கு முன்னேற்ற வழிகள் பல உள்ளன. முதலாவது, முன்பு ‘போஸ் பாசிக்’ என்று அழைக்கப்பட்டு இப்போது ‘டிப்ளோமா லஞ்சுத்தான்’ என்ற பெயரில் நடத்தப்படும் சிறப்புப் பயிற்சி. அடிப்படை டிப்ளோமாவுக்குப் பிறகு சிறுநீரகச் சுத்திகரிப்பு, தீவிர சிகிச்சை, அறுவைக்கூடம், மகப்பேறு போன்ற ஒரு துறையில் ஆழ்ந்த தேர்ச்சி தருவது இது. இரண்டாவது, பட்டப்படிப்பு, பணியிலிருக்கும் தாதியருக்கான பட்டக் கல்வியை மலாயாப் பல்கலைக்கழகம் 1993இல் தொடங்கியது, பின்னர் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்கும் வழியையும் திறந்தது. சிலர் இதற்கும் மேலே முதுகலைக்குச் செல்கின்றனர்.

அரசு ஊழியருக்கு இவற்றில் சிலவற்றை முழுச் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பில் முடிக்கும் வாய்ப்பு உண்டு. ‘ஹடியா லத்திஹான் பெர்செகுத்துவான்’ எனப்படும் கூட்டரசுப் பயிற்சி உதவி கிடைத்தால் கட்டணமும் பெருமளவு ஈடுகட்டப்படும். இந்த வழி கிடைக்கும் என்ற நிலையிலும், ஓராண்டு காத்திருக்கப் பொறுமையில்லாமல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் சேர்வது குடும்பத்துக்குச் செய்யும் நன்மை ஆகாது.

ஆனால் முழுச் சம்பளம் என்ற சொல்லையும் கவனத்தோடு கையாள வேண்டும். தாதி ஒருவரின் சம்பளச் சீட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தால், அடிப்படைச் சம்பளமும் வீட்டுப் படியும் ஒரு வகை, வேலைக்கு வந்தால் மட்டுமே கிடைக்கும் மாற்றுநேரப் படியும் கூடுதல் நேர ஊதியமும் இன்னொரு வகை என்பது தெரியும். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் காலத்தில் இரண்டாம் வகை வரவை எதிர்பார்க்க இயலாது. மாதத்துக்கு எட்டு, பத்து இரவுகள் வேலை செய்து பழகிய வீட்டுக்கு இந்தக் குறைவு பெரிதாகவே படும். அதே சீட்டின் கழிவுப் பகுதியில் ‘அங்காசா’ வழியாகப் பிடிக்கப்படும் கூட்டுறவுக் கடன் தவணைகள் இருக்கக்கூடும். அரசு ஊழியரின் மொத்தக் கழிவு சம்பளத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆயினும் அந்த எல்லையை ஒட்டி நிற்கும் ஒருவர் கையில் வாங்குவது பாதிக்கும் குறைவு என்பதால், படிகள் நின்ற மாதமே வீடு திணறத் தொடங்கும். தனிநபர் கடனின் உச்சக் காலத்தை பேங்க் நெகாரா 2013இல் பத்து ஆண்டுகளாகக் குறைத்தது. அத்தகைய கடன் முடிய இன்னும் ஓராண்டோ ஈராண்டோதான் இருக்கிறது என்றால், அதை அடைத்துவிட்டுப் படிப்பைத் தொடங்குவதே உத்தமம்.

தனியார் மருத்துவமனைத் தாதி வேலையைவிட்டு விலகிப் படிக்கும்போது கணக்கு முற்றிலும் வேறாகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, அவருடைய சம்பளம் 3,000 ரிங்கிட் என்று கொண்டால், ஊழியர் சேமநிதியில் அவர் பங்கு 11 விழுக்காடு 330 ரிங்கிட்டும், முதலாளி பங்கு 13 விழுக்காடு 390 ரிங்கிட்டுமாக மாதம் 720 ரிங்கிட் சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டு நின்றுபோனால் அது 17,280 ரிங்கிட். இந்தத் தொகைக்கு ஓய்வுபெறும் வயது வரை சேர்ந்திருக்க வேண்டிய இலாப ஈவும் இல்லாமற்போகிறது. 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் அறிவித்த இலாப ஈவு 6.30 விழுக்காடு என்பதை நினைத்தால், கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். கையில் வாங்கிய சம்பளம் நின்றதை எல்லாரும் உணர்கிறார்கள், சேமநிதி நின்றதைப் பலர் ஐம்பது வயதுக்குப் பிறகே உணர்கிறார்கள்; அதுவும் இந்த இழப்பு பெண்களின் பெயரிலேயே அதிகமாக விழுகிறது என்பது வருந்தத்தக்கது.

கட்டணத்துக்கு எங்கிருந்து பணம் எடுப்பது என்பதில் சேமநிதியே மீண்டும் குறுக்கிடுகிறது. 2024 மே 11 முதல் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட உறுப்பினரின் கணக்கு ஓய்வுக்காலக் கணக்கு, ‘செஜாத்ரா’ எனப்படும் நல்வாழ்வுக் கணக்கு, எந்நேரமும் எடுக்கக்கூடிய ‘ஃபிளெக்சிபல்’ கணக்கு என மூன்றாகப் பிரிக்கப்பட்டு, புதிய சந்தா முறையே 75, 15, 10 விழுக்காடாகச் சேர்கிறது. நல்வாழ்வுக் கணக்கிலிருந்து உறுப்பினர் தம் கல்விக்கு மட்டுமன்றித் துணைவரின் கல்விக்கும் பணம் எடுக்கலாம் என்பதால், மனைவியின் படிப்புக்குக் கணவரின் கணக்கும் கைகொடுக்கும். கட்டணத்துக்கு அதிலிருந்து எடுப்பதில் தவறில்லை, ஏனெனில் படிப்பு மீண்டும் வருமானமாகத் திரும்பும். ஆனால் மூன்றாம் கணக்கை மளிகைக்கும் தொலைபேசிக் கட்டணத்துக்கும் மாதந்தோறும் கரைக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டால், படிப்பு முடிந்த பிறகும் அந்த வழக்கம் நிற்காது.

வருமான வரியில் ஒரு சலுகை பெரும்பாலும் கவனிக்கப்படாமற் போகிறது. ஆண்டு முழுவதும் மனைவிக்கு வருமானமே இல்லாதபோது கணவர் துணைவருக்கான 4,000 ரிங்கிட் கழிவைக் கோரலாம். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டுக்குள் அடங்கினால் தமக்கு 400 ரிங்கிட், மனைவிக்காக இன்னொரு 400 ரிங்கிட் என வரித் தள்ளுபடியும் உண்டு. தொழிற்சாலையில் மாதம் 4,500 ரிங்கிட் வாங்கி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகளை உடைய ஒருவருக்குத் தனிநபர், சேமநிதி, பிள்ளைகள் கழிவு மட்டும் போக வரிக்குரிய வருமானம் 37,000 ஆகி, ஆண்டு வரி 720 ரிங்கிட் வரும். மனைவிக்கான கழிவையும் சேர்த்தால் அது 33,000க்கு இறங்கி, தள்ளுபடிகளுக்குப் பின் வரியே இல்லாமற்போகும். அந்தப் பணம் அடுத்த ஆண்டு திரும்பி வரும் வரை காத்திராமல், மனைவி வேலையில் இல்லை என்பதைத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் தெரிவித்து, மாதாந்திர வரிப் பிடித்தத்தின் பிரிவை மாற்றச் சொல்வதே முறை. குடும்ப வருமானம் 5,000 ரிங்கிட்டுக்குக் கீழ் இறங்கும் வீடுகள் ரஹ்மா ரொக்க உதவிக்கான தகவலையும் புதுப்பிக்க வேண்டும்; மாணவியின் வீடு உதவி கேட்பதில் தாழ்வு ஒன்றுமில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவருக்கு மேற்சொன்ன வரிக் கணக்கு பெரும்பாலும் பொருந்தாது. அவருக்கு மாற்று விகிதத்தால் கையில் கூடுதல் பணம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு அங்கே மத்திய சேமநிதி இல்லை, இங்கேயும் முதலாளி சந்தா இல்லை. மனைவியும் வேலையை விட்டால், அந்த வீட்டில் எவர் பெயரிலும் முதுமைக்கென ஒரு காசும் சேராத காலம் உருவாகிறது. அக்காலத்தில் கணவர் சிறு தொகையாயினும் தன்விருப்பச் சந்தாவாக மாதந்தோறும் செலுத்திவருவது இன்றியமையாதது.

அன்னாசி பயிரிடும் குடும்பத்தின் நிலை இன்னும் சுவையானது. அன்னாசிச் செடி தானாகப் பூக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. போதிய வளர்ச்சி அடைந்த செடிக்குப் பூப்புத் தூண்டும் மருந்தை அளந்து ஊற்றினால், அதிலிருந்து சுமார் ஐந்து மாதத்தில் காய் அறுவடைக்கு வரும் என்பது இவ்வட்டாரத் தோட்டக்காரர் நன்கறிந்த நுட்பம். நிலத்தை நான்கைந்து பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மாதத்தில் மருந்து கொடுத்தால் வரவும் வெவ்வேறு மாதங்களில் விழும். பருவக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதங்களைப் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியிலிருந்து குறித்துக்கொண்டு, அவற்றுக்கு ஒரு மாதம் முன்னதாக அறுவடை அமையுமாறு பாத்திகளை ஒழுங்குபடுத்துவது, எந்த வங்கியும் தர முடியாத வட்டியில்லா ஏற்பாடாகும். விலை இறங்கும் அபாயம் இதிலும் உண்டு என்பதால், ஒரு பருவக் கட்டணம் அளவுக்குப் பணத்தைத் தனியே வைத்திருப்பது நல்லது. சுயதொழில் செய்வோருக்கான ‘ஐ-சாராஆன்’ திட்டத்தில் தோட்டக்காரர் சேர்ந்தால், அவர் செலுத்தும் தன்விருப்பச் சந்தாவுக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துத் தருகிறது.

கடன்களைப் பொறுத்தவரை, வருமானம் குறைந்த பிறகு வங்கிக்குப் போவதைவிடக் குறைவதற்கு முன்பே போவது மிகவும் பயனுள்ளது. வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இன்படி, கார் தவணையைத் தொடர்ந்து இரண்டு மாதம் கட்டத் தவறினாலே முன்னறிவிப்பு கொடுத்துக் காரை இழுத்துச்செல்லும் உரிமை நிதி நிறுவனத்துக்கு உண்டு. கார் போனால் பெக்கான் நானாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அன்றாடம் எண்பது கிலோமீட்டர் போய்வரும் வழியும் போகும். பேங்க் நெகாரா 2006இல் நிறுவிய ‘ஏ.கே.பி.கே.’ எனப்படும் கடன் ஆலோசனை முகவை, தவணைகளை மறுசீரமைக்கக் கட்டணமின்றி உதவுகிறது.

இந்த வாசலுக்குப் போகத் தயங்குவோர் பலர் கூட்டுப் பணத்தை நாடுகிறார்கள். மாதந்தோறும் பத்துப் பேர், இருபது பேர் பணம் போட்டு ஒருவர் எடுக்கும் இந்த வழக்கம் நம்பிக்கையால் நடப்பது. ஆனால் கூட்டு நிதித் தடைச் சட்டம் 1971இன்படி அதைத் தொழிலாக நடத்துவது குற்றம் என்பதால், தலைவி பணத்தோடு மறைந்துவிட்டால் போட்ட பணத்தை மீட்க உறுதியான வழி இல்லை. அதற்கடுத்த படியில் நிற்பவர் ‘ஆலோங்’ எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரர். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது கடன் கொடுப்போர் சட்டம்; அதே விழுக்காட்டை ஒரு மாதத்துக்குக் கேட்பவரிடம் படிப்பின் பெயரால் கையொப்பமிடுவது, படிப்பையே பறிகொடுக்கும் செயலாகும்.

கல்விக் கடனிலும் ஒரு பழைய பாடம் உண்டு. தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகி, பி.டி.பி.டி.என். கடனில் டிப்ளோமா முடித்த பலர் வேலை கிடைக்காமல் தவித்த நிலையில், புதிய தாதிமைப் பாடங்களுக்கு அனுமதி வழங்குவதை அரசாங்கம் 2010இல் நிறுத்திவைத்தது. அக்கடனின் நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடுதான். அவர்களை வாட்டியது வட்டியன்று, படித்த படிப்புக்கு இடம் இல்லாததே. ஆகவே மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரத்தையும், தாம் திரும்பப் போகும் மருத்துவமனையில் அத்துறைக்குத் தேவை இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சம்பாதிக்கும் மகள் தாய்வீட்டுக்கு மாதந்தோறும் கொடுத்துவந்த 200, 300 ரிங்கிட்டை, அவள் படிக்கத் தொடங்கியதும் பேச்சின்றி நிறுத்திவிடும் வீடுகள் உள்ளன. கணவரின் பெற்றோருக்குப் போகும் பணமோ தொடரும். இது நியாயமன்று. குறைப்பதானால் இரு பக்கமும் ஒரே அளவில் குறைப்பதும், அதைக் கணவரே மாமனார் மாமியாரிடம் எடுத்துச் சொல்வதும்தான் முறை; அந்தப் பேச்சை மருமகன் பேசும்போது கிடைக்கும் மதிப்பை வேறு எந்தச் சமாதானமும் தராது. அதுபோலவே, பிள்ளையைக் கவனிக்க வரும் பாட்டிக்கு ஒரு தொகையைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவைப்பது அவசியம்.

படிப்பு முடிந்த பிறகு வரும் பலனையும் மிகையாக மதிப்பிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் சிறப்புப் பயிற்சி முடித்த தாதிக்கு வழங்கப்பட்டுவரும் ஊக்கத்தொகை மாதம் 100 ரிங்கிட். பயிற்சிக் காலத்தில் குடும்பம் 6,000 ரிங்கிட் கைப்பணம் செலவிட்டிருந்தால், அந்தத் தொகையால் மட்டும் அதை மீட்க ஐந்து ஆண்டு ஆகும். உயிர்காக்கும் இயந்திரங்களை இயக்கக் கற்றவருக்கு இது மிகக் குறைவு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முழுச் சம்பளத்தில் படித்தவர் பயிற்சி ஒப்பந்தப்படி குறிப்பிட்ட காலம் அரசுச் சேவையில் இருந்தாக வேண்டும். இடையில் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்று அழைத்து, அவர் போக விரும்பினால், ஒப்பந்தத்தில் கண்ட ஈட்டுத் தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். ஆகவே கையொப்பமிடும் நாளிலேயே அத்தொகையையும் கட்டுப்பாட்டுக் காலத்தையும் தனித்தாளில் எழுதி, கணவனும் மனைவியும் இருவருமே படித்துப் பார்த்து, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைப்பது நல்லது; பிணை நின்று கையொப்பமிட்ட உறவினர் இருந்தால் அவரிடமும் ஒரு நகல் இருக்க வேண்டும்.

(தொடரும்)