உக்கிராணத்துவம்: நிலமற்றவர் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம்



அறுப்பின் பண்டிகை வந்தால் நம் பக்கத்துச் சபைகளில் தவறாமல் கேட்கும் சொல் 'உக்கிராணத்துவம்'. உக்கிராணம் என்றால் பண்டசாலை. அதன் சாவி உக்கிராணக்காரன் கையில் இருக்கும், பண்டம் எசமானுடையது. பூமியும் உடைமையும் கடவுளுடையவை, மனிதர் அதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்பதே இச்சொல் சொல்லும் செய்தி. ஆனால் பிரசங்கங்களில் இது பெரும்பாலும் தசமபாகத்தோடும் காணிக்கையோடும் முடிந்துவிடுகிறது. இப்போது மரக்கன்று நடுவதும் சேர்ந்திருக்கிறது. ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர் எதற்கு உக்கிராணக்காரர்? இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

லேவியராகமம் 25ஆம் அதிகாரம் யூபிலி ஆண்டைப் பற்றிப் பேசுகிறது. வறுமையால் விற்ற காணி ஐம்பதாம் ஆண்டில் விற்றவனுக்கே திரும்ப வேண்டும். நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது என்பதற்கு அது சொல்லும் காரணம், நிலம் கடவுளுடையது, அதில் இருப்பவர்கள் புறக்குடிகள் என்பது. 'புறக்குடி' என்ற சொல்லையே பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் கையாளுகிறது. தமிழ்நாட்டு நிலவுடைமை வரலாற்றில் புறக்குடி யார்? மிராசுதாரின் நிலத்தைப் பயிரிட்டு, வாரம் அளந்து, போகச் சொன்னால் போக வேண்டியவர். காணி வைத்திருப்பவர்களைப் பார்த்துத்தான் அந்த அதிகாரம் இச்சொல்லைச் சொல்கிறது. பட்டாதாரரும் கடவுள் முன் புறக்குடியே. ஆகவே, இருப்பவர் இரங்கிக் கொடுப்பதற்கு உக்கிராணத்துவம் என்று பெயரிட முடியாது. அது இருப்பவரின் உரிமைக்கே விதிக்கப்பட்ட வரம்பு.

நெல்லைச் சீமையில் இந்த வரம்பு ஒருகாலத்தில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பண்ணையாருடைய மனையில் குடியிருந்துகொண்டு அவருக்குப் பிடிக்காத கடவுளைக் கும்பிட முடியாது. அதனால் மதம் மாறியவர்களுக்கு முதல் தேவை நிலமாக இருந்தது. 1799இல் முதலூர் இப்படித்தான் உருவானது. 1827இல் ரேனியஸ் ஐயர், ஜெர்மானியப் பிரபு டோனா அனுப்பிய பணத்தைக் கொண்டு டோனாவூரை அமைத்தார். விரட்டப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கித் தருவதற்காக 1830இல் தர்மசங்கம் தொடங்கப்பட்டது. குடியிருக்க இடமில்லாதவருக்காக வாங்கியது என்பதே இங்கே சபை நிலத்தின் பூர்வீகம். ஆனால் முதலூர் போன்ற ஊர்களில் குடியேறியவர்கள் பெரும்பாலும் நாடார்கள். பின்னர் கிறிஸ்தவத்துக்கு வந்த தலித்துகளில் பலருக்குக் கோயிலில் பாய் கிடைத்தது. ஊரில் நிலம் கிடைக்கவில்லை.

இதே வரம்பை அரசின் சட்டத்திலும் பார்க்கலாம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் பிறந்த ஆணையின் வழியே வழங்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்கலாம். மீறினால் அரசு எடுத்துக்கொள்ளலாம். மாநிலம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அறுதியாக விற்க முடியாத நிலம் என்ற வகையில் அது யூபிலி நிலத்துக்கு உறவு. அந்த விதியை நிறைவேற்றக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

ராதாபுரத்துக்கு வருவோம். காற்றாலைகளும் கல்குவாரிகளும் கூடங்குளம் அணு உலைகளும் இருக்கும் வட்டம் இது. பனையும் முள்ளும் நின்ற வறண்ட காடுகளுக்கு இப்போது விலை இருக்கிறது. விலை ஏறும்போது பலவீனமான பத்திரம்தான் முதலில் கைமாறும். தண்ணீரும் அப்படியே. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ராதாபுரம் கால்வாய் வழியாக 52 குளங்களுக்கு வர வேண்டும்; கடைமடைக்காரர் ஒவ்வொரு ஆண்டும் காத்திருக்கிறார். அந்தக் குளத்து மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் அளவாகப் பாய்ச்சியவர் யார்? பல ஊர்களில் அது தலித் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன். தனக்கென்று வயல் இல்லாமலும் ஊர் வயலுக்கெல்லாம் பங்கு வைத்தவர் அவர். உக்கிராணக்காரருக்கு நம் மண்ணில் உருவம் தேடினால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

'பரட்டை' என்று நாம் அறிந்த தியோபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்து 'ஒரு உலை' என்ற கருத்தை முன்வைத்தார். எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் பொங்கி, எல்லாரும் உண்பது. உலைக்கு அரிசி வேண்டும். அரிசிக்கு நிலம் வேண்டும். ஆகவே நாம் கேட்பவை மூன்று.

ஒன்று, சபைச் சொத்தின் கணக்கு, சர்வே எண்ணும் குத்தகைதாரர் பெயரும் உட்பட, ஆண்டுதோறும் சபையார் முன் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். இரண்டு, சபை நிலம் குத்தகைக்கு விடப்படும்போது நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, அதிலும் பெண்களின் பெயருக்கு, முதல் உரிமை வேண்டும். மூன்று, ஒவ்வொரு ஊரிலும் பஞ்சமி நிலம் எது என்று நாமே கண்டறிய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். யூ.டி.ஆர். பட்டா மாற்றத்துக்கு முந்தைய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தப் பெயர் எங்கே மாறியது என்பது தெரியும்.

கணக்குக் கேட்பதைச் சிலர் விசுவாசக் குறைவு என்பார்கள். கணக்கு ஒப்புவி என்று உக்கிராணக்காரனிடம் எசமான் கேட்டதாக லூக்கா 16ஆம் அதிகாரமே சொல்கிறது. அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம்.