கால் ஏன் மூழ்குகிறது?

ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றை அதற்குள் செங்குத்தாக விட்டு, விளிம்பு முன்னே போகுமாறு நகர்த்துங்கள். கத்தி போல வழுக்கிக்கொண்டு போகும். இப்போது தட்டின் முகத்தால் தண்ணீரைத் தள்ளிப் பாருங்கள். அசைய மறுக்கிறதா? (தரையெல்லாம் ஈரமாகி அம்மாவிடம் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை.)

அதே தட்டு, அதே தண்ணீர். தட்டு நின்ற விதம்தான் வேறு. நீச்சலின் பாதி சூட்சுமம் இந்த வாளிக்குள் இருக்கிறது.

டிரையத்லான் என்றொரு போட்டி உண்டு. நீந்தி, கரையேறிய கையோடு சைக்கிள் மிதித்து, பிறகு ஓட வேண்டும். 2000இல் சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். வாளிச் சூட்சுமம் தெரியாமல் தண்ணீரிலேயே களைத்துப்போனால் மீதி 50 கி.மீ. என்னாவது?

நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். தலையைத் தூக்கிக்கொண்டு, கையைப் படார் படாரென்று அடித்து நீந்துவேன். முதன்முதலாக 25 மீட்டர் நீச்சல்குளத்தில் இறங்கியபோது, ஒரு முறை போய்ச் சேர்வதற்குள் மூச்சிரைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கையில் பலம் இல்லை என்று நினைத்தேன். குற்றவாளி என் தலை!

எப்படி? நெஞ்சுக்குள் நுரையீரல் காற்றுப்பையாக இருக்கிறது; அது மிதக்கப் பார்க்கும். இடுப்பும் தொடையும் கனமானவை; அவை அமிழப் பார்க்கும். சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு கூழாங்கல் போட்டு மூடி, தண்ணீரில் விடுங்கள். கல் இருக்கும் முனை கீழே சாயும். நம் உடம்பும் அந்தப் பாட்டில்தான். தலையைத் தூக்கினால் கால் இன்னும் இறங்கும். சாய்ந்த உடம்பு தண்ணீரைத் தட்டின் முகம் போலத் தள்ளும். முகத்தை நீருக்குள் வைத்து நேர் கீழே பார்த்தால் இடுப்பு தானாக மேலே வரும். மூச்சு? நீருக்குள் இருக்கும்போதே குமிழி குமிழியாக விட்டுவிட வேண்டும். பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி இழுத்தால் போதும்.

நம் ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி நீச்சல் பழக்கினார்களே, உடம்பை மேலே தாங்கத்தான். குளிர்ந்த நீரில் டிரையத்லான் வீரர்கள் போடும் ரப்பர் உடையும் கதகதப்போடு அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

கைக்கு மட்டும் கதை தலைகீழ். அங்கே தட்டின் முகம்தான் வேண்டும். முழங்கையை உயர்த்தி வைத்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே துடுப்பாகத் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முழங்கை தொங்கினால் தண்ணீர் நழுவிவிடும்.

வேகம் இரட்டிப்பானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதை வெல்ல எட்டு மடங்கு திறன் தேவை. அதனால்தான் பலத்தைக் கூட்டுவதைவிட எதிர்ப்பைக் குறைப்பது லாபம். குளத்தைக் கடக்க எத்தனை முறை கை வீசுகிறோம் என்று எண்ணி வாருங்கள். அதே நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் நீச்சல் தேறுகிறது என்று அர்த்தம். ஆனால் நீந்துவது பெரியவர் ஒருவர் கரையில் இருக்கும்போது மட்டும்!

ஆற்றில் நீந்தினால் நீரோட்டத்தின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ளும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரையத்லான் வீரர்கள் சேன் நதியில் நீந்தினார்கள். நீரோட்டம் பலமாக இருந்தது. எதிர்நீச்சலில் பலரும் நடு ஆற்றை விட்டு, கரைச்சுவரை ஒட்டி ஒட்டி வந்தார்கள். சுவரிலும் அடியிலும் உராய்ந்து உராய்ந்து, கரையோரத் தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும். பரிசலை ஆற்றுக்கு எதிராகக் கரையோரமாகவே கொண்டுபோகும் பரிசல்காரரைக் கேளுங்கள், அவருக்கும் இது தெரியும்.