ஒரு கிடங்கு, பல பேரேடுகள்

நம் சங்கக் குடும்பங்களில் பல பிள்ளைகள் கணினித் துறையில் பணிபுரிகிறார்கள். அவர்கள் பேச்சில் ‘ஹடூப்’ என்ற சொல் அடிபடுவதைப் பெற்றோர் கேட்டிருக்கலாம். அத்துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் அதில் ஒரு பகுதியை விளக்க முயல்கிறேன்.

ஒரே கணினியில் அடங்காத தகவல்களைப் பல கணினிகளில் பரப்பி வைக்கும் ஏற்பாடு அது. ஒவ்வொரு கோப்பையும் வழக்கமாக 128 மெகாபைட் துண்டுகளாக்கி, துண்டுக்கு 3 பிரதிகள் எடுத்து, டேட்டாநோடு எனப்படும் கணினிகளில் வைக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பேரேடு, நேம்நோடு என்ற கணினியின் நினைவகத்தில் இருக்கும்.

கிடங்கை விரிவாக்குவது எளிது, கணக்குப்பிள்ளையோ ஒருவரே! ஒரு கோப்புக்கும் அதன் துண்டுக்கும் தலா சுமார் 150 பைட் நினைவகம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 10 கோடி சிறு கோப்புகள் சேர்ந்தால் 30 ஜிகாபைட் ஆகிவிடும். நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவு சிறு கோப்புகளாகக் கொட்டிக் குவித்ததில், சம்பந்தமே இல்லாத பில் பிரிவின் வேலையும் நின்றுபோனது.

இதற்கு வழியாக ஹடூப் 2 வரிசையில் ‘ஃபெடரேஷன்’ வந்தது. அவ்வரிசை 2013-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியானது. இம்முறையில் பல நேம்நோடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்வெளி, அதாவது தனிப் பேரேடு. டேட்டாநோடுகள் மட்டும் எல்லோருக்கும் பொது.

அமைப்பது எப்படி? ‘டிஎஃப்எஸ்.நேம்சர்வீசஸ்’ என்ற வரியில் பெயர்வெளிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் முகவரியையும் எழுத வேண்டும். எல்லா நேம்நோடுகளையும் ஒரே கிளஸ்டர் அடையாளத்தோடு ஃபார்மேட் செய்ய வேண்டும். பயனாளர் குழம்பாமலிருக்க, ‘வியூஎஃப்எஸ்’ மூலம் விற்பனை அடைவு இந்தப் பெயர்வெளி, பில் அடைவு அந்தப் பெயர்வெளி என்று இணைத்துவிடலாம்.

இளைஞர்கள் இரண்டு விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பெயர்வெளியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பைப் பெயர் மாற்றி நகர்த்த முடியாது. பிரதி எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆகவே எந்தப் பிரிவு எவ்வளவு வளரும் என்று விசாரித்த பிறகே பிரிக்க வேண்டும். அடுத்து, நேம்நோடு பல இருப்பதால் ஒன்று பழுதானால் மற்றொன்று அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவர் பேரேடு மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நேம்நோடுக்கும் மாற்று நேம்நோடு ஒன்றைத் தனியே தயாராக வைத்த பின்பே நிம்மதியாக இருக்கலாம்.