நாய் இருக்கிற வீட்டுக்குப் பாம்பு வராதா? கொல்லையில் கவனிக்க வேண்டியவை!

இரவு பதினோரு மணி. கொல்லையில் நாய் ஓயாமல் குரைக்கிறது. 'பூனையாக இருக்கும்' என்று திரும்பிப் படுத்துவிடுகிறோம். காலையில் பார்த்தால், துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் பாம்பு!

தல்லாகுளத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் செல்லூர், வண்டியூர் கண்மாய்கள். நடுவே வாய்க்கால்களும் புதர் மண்டிய காலி மனைகளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால், காய்ந்த இடம் தேடிப் பாம்பு வீட்டுப் பக்கம் வரும்.

'எங்க வீட்லதான் நாய் இருக்கே' என்று நிம்மதியாக இருக்க முடியாது. நாய் தின்றது போக மிச்சம் தட்டிலேயே கிடந்தால், அதைத் தின்ன எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பாம்பைக் கண்டால் நாய் ஒதுங்கிப் போகாது, மோப்பம் பிடித்து முகத்தை நீட்டும். அதனால்தான் நாய்களுக்குப் பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் கடி விழுகிறது.

முதல் வேலை எலிக்குத்தான்

* பொழுது சாய்வதற்குள் நாய், பூனைக்குச் சாப்பாடு போட்டு, தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள். அரிசி, கோழித்தீவனத்தை மூடியுள்ள டின்னில் வையுங்கள்.
* கோழி வளர்த்தால் தினமும் முட்டையை எடுத்துவிடுங்கள். நல்ல பாம்புக்கு முட்டையும் குஞ்சும் இரை.
* எலி வளைகளை உடைந்த கண்ணாடி, சிமென்ட் கலவை போட்டு அடையுங்கள். எலி விஷம் வேண்டாம். செத்த எலியைத் தின்று உங்கள் பூனையே சாகலாம்.
* விறகு, செங்கல், தென்னை மட்டையைச் சுவரோரம் குவிக்காதீர்கள். விறகைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள்.
* கழிவுநீர்க் குழாய் வாய்க்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை கட்டுங்கள். விரல் நுழையும் சந்து இருந்தாலே சின்னப் பாம்பு நுழைந்துவிடும். பின்வாசல் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

பூண்டு, உப்பு, பினாயில் எதையும் நம்ப வேண்டாம். அவற்றால் பாம்பு வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. பினாயிலை நக்கினால் நாய்க்குத்தான் ஆபத்து.

நாய் குரைத்தால்...

டார்ச் அடித்து, செருப்புப் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். பாம்பு என்றால் முதலில் நாயைப் பிடித்து உள்ளே கட்டுங்கள். தூர நின்று பாம்பைக் கண்காணித்தபடி 101 அல்லது 112-க்கு அழையுங்கள், தீயணைப்பு வீரர்கள் வருவார்கள். அடிக்கப் போகும்போதுதான் பலரும் கடிபடுகிறார்கள். பாம்பைக் கொல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வந்தது சாரை என்றால் அதற்கு விஷமே கிடையாது. எலியைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

அதிகம் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குபவரைக் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால்

மனிதர் என்றால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தல்லாகுளத்துக்காரர்களுக்குக் கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கம்தான். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு சொல்கிறது. சிகிச்சைக்குப் போகத் தாமதமானதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நாய்க்கு முகம் வீங்கினாலோ, எச்சில் ஒழுகினாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதற்கும் விஷமுறிவு மருந்துதான் சிகிச்சை. ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவமனைகளிலும் எப்போதும் இருக்காது. இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும், மருந்து இருக்குமா என்று இன்றைக்கே விசாரித்து, அந்த எண்ணை போனில் பதிந்து வையுங்கள்.

அப்படியே இன்று ராத்திரி படுக்கப் போகுமுன், நாயின் தட்டு கொல்லையில் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!