நீறு பூத்த கரி... உஷார்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மொட்டை மாடியில் பார்பிக்யூ அடுப்பு. மசாலா தடவிய சிக்கன் ஒரு பக்கம். கம்பியில் கோத்த பனீரும் குடமிளகாயும் இன்னொரு பக்கம். அத்தை, சித்தப்பா, வாண்டுகள் எல்லாரும் ஆஜர். எட்டரை மணிக்குச் சாப்பாடு முடிகிறது. அப்போது பார்த்து ‘பொட்... பொட்’டென்று தூறல்!

‘‘ஏங்க, அடுப்பு நனையுது பாருங்க. எடுத்து உள்ளே வைங்க!’’

‘‘அதான் நெருப்பு அணைஞ்சுடுச்சே... மாடிப்படி ரூம்ல வெச்சுடறேன். மிச்சக் கரியை அந்தச் சாக்குலயே கொட்டிடவா?’’

சாதாரணப் பேச்சுதான். ஆனால் இந்த இரண்டு வரியில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, தீ. இன்னொன்று, தீயைவிட மோசமான ஒரு வாயு. கரி வாங்கும்போது விலை கேட்கிறோம், தரம் பார்க்கிறோம். ஆனால் ‘அதை எங்கே வைப்பது, எப்படி வைப்பது’ என்று யோசிக்கிறோமா? வாங்க, கொஞ்சம் யோசிப்போம்.

புது மூட்டை வந்தாச்சா?

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் போனவர்கள் கரி மூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, காற்று அதிகம் போகாமல் உள்ளுக்குள்ளேயே கனிய விடுவார்கள். மரத்தில் இருக்கிற ஈரமும் புகையும் வெளியே போய்விட, கரி மட்டும் மிஞ்சும். அதே முறையில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கிடைப்பது சிரட்டைக் கரி. கரித் தூளை அச்சில் அழுத்திச் செய்த கட்டிகளும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

எந்தக் கரியாக இருந்தாலும் அதன் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். அதனால் காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கோடு திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம்!

‘‘நனைஞ்சா என்ன, காயவெச்சுக்கலாமே. இதுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?’’ என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஈரக் கரி சீக்கிரம் பற்றாது. புகையும், வெடித்துச் சிதறும். விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோகும். உடனே என்ன தோன்றும்? ‘கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினா என்ன?’ என்று தோன்றும். அணைந்த மாதிரி இருக்கிற கரிமேல் ஊற்றிய மறு நொடி, ‘குப்’பென்று தீ முகத்துக்கு வரும். கரி காய்ந்து இருந்தால் இந்த வம்பே இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

* மூடி போட்ட தகர டின் அல்லது இரும்பு டிரம்மில் கரியைப் போட்டு வையுங்கள். எண்ணெய், பெயின்ட் இருந்த டின் வேண்டாம்.

* டின்னைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வையுங்கள். தரை ஈரம் ஏறாது.

* இடம்? வீட்டுக்கு வெளியே, மழைச் சாரலும் வெயிலும் படாத மூலை. காஸ் சிலிண்டர், பெட்ரோல், பழைய பேப்பர் கட்டு... இவற்றுக்குப் பக்கத்தில் மட்டும் கூடாது.

* கரிக்கடையில் சில்லறையாக வாங்கினீர்களா? ஒரு நாள் வெளியே, தனியாக ஒரு இரும்புத் தட்டில் பரப்பி வைத்துவிட்டு அப்புறம் டின்னில் போடுங்கள். மூட்டத்திலிருந்து புதிதாக எடுத்த கரியில் எங்காவது ஒரு துளி கங்கு ஒளிந்திருந்தால் தெரிந்துவிடும்.

* எளிதில் பற்றுவதற்காக எரிதிரவம் ஊறவைத்த கரிக்கட்டிகளை அதன் கவரிலேயே இறுக்க மூடி வையுங்கள்.

கரி காய்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு துண்டுகளை ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். ‘கிணிங்’ என்று சத்தம் வந்தால் நல்ல கரி. ‘தொப்’ என்று கேட்டால் ஈரம். நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்துவிட்டு அப்புறம் எடுத்து வையுங்கள். சாக்குக்குள் வெறும் கையை விடாதீர்கள். தேள், பூரான் ஒளிந்துகொள்ள அருமையான இடம் அது. இடுக்கிதான் நல்லது.

இன்னொரு விஷயம். வீட்டில் யாராவது, முக்கியமாகக் கர்ப்பிணியோ குழந்தையோ, யாருக்கும் தெரியாமல் கரியை எடுத்துக் கடிக்கிறார்களா? திட்டாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தாலும் இப்படித் தின்னத் தோன்றலாம். டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

மிச்சக் கரிதான் வில்லன்!

இப்போது நம் மாடிக்கு வருவோம். சமையல் முடிந்தது. அடுப்பில் ஜுவாலை இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளையாகச் சாம்பல் மட்டும் தெரிகிறது. அணைந்துவிட்டதா? இல்லை! ‘நீறு பூத்த நெருப்பு’ என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சாம்பல் ஒரு போர்வை மாதிரி. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் காப்பாற்றும். மேலே தொட்டால் ஆறின மாதிரி தெரியும். உள்ளே கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும்.

அந்தக் கரியைச் சாக்கில் கொட்டினால், புதுக் கரியும் சாக்கும் சேர்ந்து நடுராத்திரியில் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாலும் இதே கதைதான்.

அப்படியானால் என்ன செய்வது?

அடுப்புக்கு மூடி இருந்தால் மூடி, காற்றுத் துவாரங்களையும் அடைத்துவிடுங்கள். காற்று இல்லாவிட்டால் கங்கு மெதுவாகச் செத்துப்போகும். இரண்டு முழு நாள் வெளியிலேயே விட்டுவிட்டு, அப்புறம் நல்ல துண்டுகளைப் பொறுக்கி டின்னில் போடுங்கள். அடுத்த முறைக்கு ஆகும். காசும் மிச்சம்!

அவசரமா? ஒரு இரும்பு வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, நீளமான இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து உள்ளே போடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று போடுங்கள். நேராக அடுப்பிலேயே தண்ணீரை ஊற்றினால் சாம்பலும் கொதிக்கிற நீராவியும் முகத்தில் அடிக்கும். ஆறின கரியை வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கலாம்.

கையில் சூடு பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

புகை இல்லாத விஷம்

இப்போது முக்கியமான விஷயம். மழைக்குப் பயந்து அடுப்பை உள்ளே கொண்டுபோனாரே, அந்த ஆபத்து.

விறகு எரிந்தால் புகை வரும். கண் எரியும், இருமல் வரும். நாமே ஜன்னலைத் திறந்துவிடுவோம். கரியிலோ புகை இல்லை. ‘‘புகையே வராதே, உள்ளே வெச்சா என்ன?’’ என்று தோன்றுவது அதனால்தான். கரியின் பெருமையே அதன் சூழ்ச்சியும்கூட! கனிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு போவது ஹீமோகுளோபின். அதை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு அந்த பஸ்ஸில் ஏறி ஸீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கவே இறங்காது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூளைக்கும் இதயத்துக்கும் போகவேண்டிய ஆக்சிஜன் வெளியே நிற்கவேண்டியதுதான்!

முதலில் தலைவலி. அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் ஓய்ந்துபோவது. ‘சிக்கன் ஒத்துக்கலை போல’ என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். தூங்குகிறவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. தூக்கத்திலிருந்து நேராக மயக்கம்தான். வட மாநிலங்களில் குளிர்காலத்தில் ‘அங்கீட்டி’ என்கிற கரிச் சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கி, குடும்பத்தோடு இறந்துபோன செய்திகளைப் படித்திருப்பீர்கள். நம் ஊரிலும் உண்டு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் இருவர், பார்பிக்யூ அடுப்பு இருந்த அறையில் தூங்கி உயிரிழந்தார்கள்.

‘‘ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கோமே’’, ‘‘ஃபேன் ஓடுதே’’ என்பதெல்லாம் போதாது. அறை, மாடிப்படி ரூம், கண்ணாடி போட்ட பால்கனி, கார் ஷெட், கூடாரம்... எங்கேயும் எரிகிற கரியும் வேண்டாம், ஆறிக்கொண்டிருக்கிற கரியும் வேண்டாம். பிக்னிக் முடிந்து சூடான அடுப்பைக் கார் டிக்கியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஏ.சி. போட்டு மூடிய கார் ஒரு சின்ன அறைதானே?

பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிற வீடுகளுக்கும் இது பொருந்தும். புகை போட்டதும் கங்குச் சட்டியை உடனே வெளியே கொண்டுபோய்விடுங்கள். குழந்தை தூங்குகிற அறையின் மூலையில் விடாதீர்கள்.

ஒருவேளை நடந்துவிட்டால்...

ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி வருகிறதா? வெளியே வந்தால் கொஞ்சம் தேவலை என்று தோன்றுகிறதா? கரியைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். எலுமிச்சை ஜூஸ், சோடா கொடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கும். விரலில் மாட்டினால் 98, 99 என்று காட்டும். நம்பாதீர்கள்! கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே எண்ணிக்கொள்ளும். தனியாக ரத்தப் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும். அதனால் ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் சொல்லவேண்டிய முதல் வாக்கியம் இதுதான்: ‘‘டாக்டர், கரி அடுப்பு வெச்ச ரூம்ல இருந்தாங்க.’’

சும்மா காற்றைச் சுவாசித்தால் இந்த வாயு பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். கர்ப்பிணியாக இருந்தால், அவர் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றில் இருக்கிற குழந்தைக்குப் பாதிப்பு அதிகம். பிழைத்து எழுந்தவர்களுக்குச் சில நாளோ, சில வாரமோ கழித்து ஞாபகமறதி, நடையில் தடுமாற்றம் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். திரும்ப டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராளமாக பார்பிக்யூ போடுங்கள். மழை வந்தால் மனிதர்கள் உள்ளே ஓடட்டும். அடுப்பு நனைந்தால் நனையட்டும், துடைத்துக்கொள்ளலாம். கரி நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த கரி டின்னுக்குள். சூடான கரி வாசலுக்கு வெளியே. இதை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான்!