யாருக்குக் காட்ட இந்த அலங்காரம்?



“பிள்ளை பெத்து பத்து வருஷம் ஆச்சு. இனிமே யாருக்குக் காட்டறதுக்கு இந்த அலங்காரம்?” இந்தக் கேள்வி எழாத வீடு நம் பக்கத்தில் உண்டா? மாமியார் கேட்பார், நாத்தனார் கேட்பார், சில சமயம் பெற்ற தாயே கேட்பார். அவர்கள் கேட்பதைக் கூடப் பொறுத்துக் கொள்ளலாம். நாளடைவில் நாமே நம்மைக் கேட்டுக் கொண்டு கண்ணாடிப் பக்கம் போவதையே நிறுத்தி விடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பிறந்தது அரியலூர், வாக்கப்பட்டது பெரம்பலூர். வயது 36. ஒரு பெண், ஒரு பையன். காலை 5 மணிக்கு எழுந்தால் வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றி, இரண்டு பேருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, பெண்ணுக்கு இரட்டைச் சடை போட்டு, ஸ்கூல் வேன் ஏற்றி விட்டுத் திரும்பும்போது மணி ஒன்பது. முந்தின நாள் ராத்திரி முடிந்த கொண்டை அப்படியே இருக்கும். ஒரு நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு. இதுதானே தோழிகளே நம் எல்லோருக்கும் யூனிஃபார்ம்?

நைட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்படி வெக்கையில் அதைப் போல சௌகரியம் எதுவும் இல்லை. ஆந்திராவில் தோகலப்பள்ளி என்ற கிராமத்தில் 2018-ல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, பகலில் நைட்டி போட்டு வெளியே வரும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு வேறு! படித்ததும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அலங்காரம் செய்தால் “யாருக்கு” என்கிறார்கள், செய்யாவிட்டால் அபராதம் போடுகிறார்கள். நாம் என்ன உடுத்த வேண்டும் என்று ஊரே யோசிக்கிறது. நாம் மட்டும் யோசிப்பதில்லை!

ஆகவே தோழிகளே, பணம் அதிகம் செலவழிக்காமல் என்னால் செய்ய முடிந்த சில விஷயங்களை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் பீரோவைத் திறங்கள். என் பீரோவில் 22 புடவை இருந்தது. ஆனால் அளவாகப் பொருந்திய ரவிக்கை ஆறே ஆறுதான்! நம்மில் பல பேர் நல்ல புடவையை ஒதுக்குவதற்குக் காரணம் புடவை இல்லை, ரவிக்கைதான். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு கல்யாணத்தின்போது தைத்த ரவிக்கைக்குள் போகாது. அது உடம்பின் குற்றமும் இல்லை. பக்கத் தையலில் உள்ளே துணி மடக்கி விட்டிருந்தால், ஒரு தையலைப் பிரித்து விட்டாலே போதும். ஊசி, கத்தரி, ஒரு மத்தியானப் பொழுது இருந்தால் நாமே செய்து விடலாம். பிரிக்கவே முடியாத ரவிக்கைகளுக்குப் பதிலாகக் கறுப்பு, அரக்கு, சந்தனம், இலைப்பச்சை என்று நாலு நிறத்தில் பருத்தி ரவிக்கை தைத்துக் கொண்டேன். பாதிப் புடவைக்கு மேல் அந்த நாலிலேயே அடங்கி விட்டது. இனி தைக்கக் கொடுக்கும்போது “உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விடுங்கண்ணே” என்று தையல்காரரிடம் சொல்லி விடுங்கள்.

அடுத்து, விசேஷத்துக்கு என்று எடுத்து வைத்த புடவைகள். என் சித்தி வீடு ஜெயங்கொண்டம் பக்கம். வாரியங்காவல், இலையூர் என்று அந்தப் பக்கம் போனால் இன்னும் பட்டுத் தறிச் சத்தம் கேட்கலாம். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்குச் சரிகை போட்டு நெய்து தரும் கை, தான் உடுத்துவது நிறம் போன நைட்டி. சித்தியிடம் கேட்டேன். “பட்டு கட்டிக்கிட்டு தறியில உக்கார முடியுமாடி?” என்றார். நியாயம்தான். ஆனால் பட்டுக்கும் சாயம் போன நைட்டிக்கும் நடுவில் எத்தனையோ துணி இருக்கிறதே! சின்னாளப்பட்டி சுங்குடி, சாதாரணக் கைத்தறிப் பருத்தி எல்லாம் அன்றாடம் உடுத்தத்தானே? முதல் தடவை உப்புத் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, சோற்றுக் கஞ்சியை வடிகட்டி லேசாகப் போட்டால் பழைய பருத்திப் புடவையும் விறைப்பாக நிற்கும். 1935-ல் ஆரம்பித்த நம் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் வருஷத்துக்கு ஒன்று எடுத்தாலும் போதும்.

பட்டுப் புடவையைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக் கூடாது. எல்லாவற்றையும் விட நல்ல பராமரிப்பு, எடுத்துக் கட்டுவதுதான்! சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளியில்தானே திறக்கிறார்கள். அதில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையை ஒரு பட்டுக்கு ஒதுக்கினால் கூட, மடிப்பில் இற்றுப் போகாமல் தப்பிக்கும்.

சுடிதார் பிடித்தவர்கள் தாராளமாகப் போடுங்கள். “வயசு திரும்புதாக்கும்” என்று யாராவது இழுத்தால், 2019-ல் தமிழக அரசு வெளியிட்ட உடை உத்தரவில் பெண் ஊழியர்களுக்குப் புடவையோடு துப்பட்டா போட்ட சுடிதாரும் சேர்ந்தே இருந்தது என்று சொல்லுங்கள். காட்டு வேலைக்குப் போகிற எங்கள் பக்கத்துப் பெண்களைப் பாருங்கள். பருத்தி எடுக்கவும், சின்ன வெங்காயம் அறுக்கவும் போகும்போது புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டிக் கொள்கிறார்கள். வெயிலுக்கும் பாதுகாப்பு, சுணைக்கும் பாதுகாப்பு. வேலைக்குத் தகுந்த உடை என்றால் அதுதான்.

தலைமுடி விஷயத்துக்கு வருகிறேன். அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டில் ஒரு நடை போய் வந்தால் நரைக்கு முன்பே நரைத்து விடும்! ராத்திரி படுக்கும் முன் முடியைப் பிரித்து, ஐந்து நிமிஷம் வாரி, தளர்வாகப் பின்னிப் படுங்கள். வாரம் ஒரு நாள் அரப்போ சீயக்காயோ போட்டுக் குளியுங்கள். வெளியே போகும்போது முந்தானையால் தலையை மூடுங்கள். பிரசவம் ஆன இரண்டு, மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி சேர்ந்து உதிர்வதுதான் அது. அனேகமாக ஒரு வருஷத்துக்குள் பழைய நிலைக்கு வந்து விடும்.

ஆனால் எல்லா முடி உதிர்தலும் அப்படி இல்லை தோழிகளே! இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் முகம் மங்கிக் கொண்டே வந்தது. முடி கொட்டியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தெருவில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? “மூணு பிள்ளை பெத்தா அப்படித்தான் ஆகும்.” அவரும் அப்படியே நம்பினார். அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி, வீட்டுக்காரர் ஷேவ் செய்வதற்காக ஆணியில் மாட்டிய உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றுதான். தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை அளவு கொடுக்கத் தையல் கடைக்குப் போனவர், அங்கே இருந்த ஆளுயரக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். “யாரோ மாதிரி இருக்கேன்டி” என்று என்னிடம் வந்து அழுதார். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு கிராம்தான் இருந்தது! மாதவிலக்கில் அதிகமாகப் போவதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வைத்தியம் பார்த்து ஆறு மாதத்தில் தேறினார். இன்றைக்கு அந்த முகத்தில் இருக்கிற களையை எந்த பியூட்டி பார்லரும் தர முடியாது.

பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். கர்ப்பிணிகளுக்கு 11. மத்திய அரசு 2019–21-ல் நடத்திய தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்திருக்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்! உங்கள் தெருவை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

கீழ் இமையை லேசாக இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு இல்லாமல் வெளுத்திருந்தால் பவுடரைத் தேடாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. முருங்கைக் கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும். முடி உதிர்வோடு உடம்பு ஊதிக்கொண்டே போனால் தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஏழே நாளில் சிவப்பு என்று விற்கும், தயாரித்தவர் பெயர் கூட இல்லாத கிரீம்களை வாங்காதீர்கள். 2023-ல் கேரளா மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதித்து விட்டது. அதில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். நம் ஊர் வெயிலில் மாநிறம்தான் நமக்கு அழகு, அதை ஏன் மாற்ற வேண்டும்?

“இதுக்கெல்லாம் நேரம் எங்கே?” என்று கேட்பீர்கள். நேரம் தானாக வராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பையனைக் குளிப்பாட்டி யூனிஃபார்ம் போட்டு விடுவது அவர் வேலை. முதல் ஒரு வாரம் பொத்தான் மாறிப் போயிற்று. இப்போது சரியாகி விட்டது! அதில் கிடைத்த கால் மணி நேரத்தில் குளித்து, தலை வாரி, புடவை மாற்றி விடுகிறேன். பார்த்த என் மாமியார் வழக்கம்போல, “எங்க கிளம்பிட்டே?” என்றார். “எங்கயும் இல்ல அத்தை, வீட்டுலதான் இருக்கேன்” என்றேன். இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள், “எனக்கும் அந்தச் சந்தனக் கலர்ல ஒரு ரவிக்கை தச்சுக் குடு” என்று துணியை நீட்டினார்!

என் பெண்ணுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால், “அம்மா, அந்தப் பச்சைச் சுங்குடி கட்டிட்டு வா” என்று அவளே எடுத்துத் தருகிறாள். அம்மா என்றால் கடைசியாகச் சாப்பிட்டு, கிழிந்ததை உடுத்தி, வலியைச் சொல்லாதவள் என்று அவள் படித்து விடக் கூடாது. நாளைக்கு அவளுக்கும் அதேதான் பழகிப் போகும்.

வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இல்லாதவர்கள், அடுத்த சீட்டுப் பணத்தில் ஒன்று வாங்கி, வெளிச்சம் படுகிற இடத்தில் மாட்டுங்கள். அப்படியே அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு போகும்போது, “எனக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க சிஸ்டர்” என்று கையை நீட்டி விடுங்கள்.

— ஒரு வாசகி, பெரம்பலூர்.